பாண்டி பஜாரில் வண்டியைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தி.நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருக்கிறேன். குடியிருப்போர் சங்கக் கூட்டம், டீக்கடை, கல்யாண வீடு என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் "இந்த ரோட்டை எதுக்குக் குறுக்கினாங்க?" என்று ஆரம்பித்துவிடுகிறார். ஒரே பதிலை எத்தனை தடவைதான் சொல்வது? கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் இன்ஜினியர் இல்லை. தினமும் இந்த ரோட்டைக் கடக்கிற ஆள், அவ்வளவுதான்.

பாண்டி பஜார்னா எது? உஸ்மான் ரோடும் அதுல சேர்த்தியா?

இல்லை. பனகல் பூங்காவிலிருந்து அண்ணா சாலை பக்கம் போகிற சர் தியாகராயா சாலையில் உள்ள கடைவீதிதான் பாண்டி பஜார். அதற்கு முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயர் அது. சாலைக்கும் ஊருக்கும் பெயர் கொடுத்த பிட்டி தியாகராயரும் நீதிக்கட்சிதான்.

உஸ்மான் சாலை பூங்காவுக்கு அந்தப் பக்கம், வடக்கு தெற்காகப் போகிறது. அதிலிருந்து மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் போவது ரங்கநாதன் தெரு. மூன்றும் தனித்தனி ரோடுகள். ஆனால் ஒன்றில் வண்டி நின்றால் கால் மணி நேரத்தில் மற்றதும் நின்றுவிடும்.

நடைபாதை வளாகம்னு திறந்தாங்களே, அப்புறம் ஏன் அதுல காரும் பைக்கும் ஓடுது?

ஆரம்பத்திலிருந்தே குழப்பம் இந்தப் பெயரில்தான். 2019 நவம்பர் 13-ஆம் தேதி, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் கட்டித் திறந்தார்கள். வண்டியே நுழையாத தெரு என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் செய்தது என்னவென்றால், நடைபாதையை நன்றாக அகலப்படுத்தி, வண்டி ஓடும் பகுதியைச் சுருக்கி, ஓரத்தில் கண்டபடி நிறுத்துவதை ஒழுங்குபடுத்தப் பார்த்தார்கள். பெஞ்சு, மரம், விளக்கு எல்லாம் அதனோடு வந்தவை.

கட்டுவதற்கு முன்பே தடுப்புகளை வைத்து வண்டிகளை விலக்கிச் சோதனையும் பார்த்தார்கள். அந்த நாளில் நடு ரோட்டில் குழந்தைகள் ஓடி விளையாடிய படங்கள்தான் மக்கள் மனதில் தங்கிவிட்டன. அதனால்தான் இப்போது கார் ஓடுவதைப் பார்த்தால் ஏமாற்றிவிட்டதாகத் தோன்றுகிறது.

ரோட்டைக் குறுக்கினா நெரிசல் கூடத்தானே செய்யும்? சின்னப் பையனுக்குக்கூடத் தெரியுமே இந்தக் கணக்கு.

கணக்கு சரி. எடுத்துக்கொண்ட எண்தான் தவறு. காகிதத்தில் இருந்த அகலம் வேறு, வண்டி ஓடிய அகலம் வேறு. பழைய பாண்டி பஜாரை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கார்கள், அவற்றுக்கு வெளியே இரண்டாவது வரிசையாக பைக்குகள், அதற்கும் வெளியே "ரெண்டே நிமிஷம்" என்று ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனவரின் வண்டி. நடக்கிறவர்கள் வேறு வழியில்லாமல் ரோட்டில் நடந்தார்கள். மிச்சமிருந்த இடத்தில்தான் பஸ் போயிற்று. நடைபாதைக்காக எடுத்ததில் பெரும்பகுதி, இப்படி நின்றுகொண்டிருந்த வண்டிகளின் இடம்.

இன்னொன்று: ஒரு ரோட்டில் எவ்வளவு வண்டி போகும் என்பதை நடுவில் இருக்கும் அகலம் முடிவு செய்வதில்லை, முனையில் இருக்கும் சிக்னல் முடிவு செய்கிறது. குடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தண்ணீர் வாய் வழியாகத்தானே வர வேண்டும்? பனகல் பூங்கா முனையில் ஒரு பச்சை விளக்குக்கு எத்தனை வண்டி தாண்டுமோ, அத்தனைதான். நடுவில் நான்கு வரிசையாக நின்றாலும் இரண்டு வரிசையாக நின்றாலும் வீட்டுக்குப் போகிற நேரம் பெரிதாக மாறாது.

மூன்றாவது, நாம் எண்ண வேண்டியது வண்டிகளையா, ஆட்களையா? அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான நாக்டோ போடுகிற கணக்கு இது: சுமார் 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் கார்கள் மட்டும் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 600 முதல் 1,600 பேர்வரை கடக்கலாம். அதே அகலத்தை நடைபாதையாக விட்டால் 8,000 முதல் 9,000 பேர். நம் ஊரில் டூ வீலர் அதிகம், ஆகவே முதல் எண் கொஞ்சம் ஏறும். ஆனாலும் ரங்கநாதன் தெருவை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தவர்களுக்கு இரண்டாவது எண்ணை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போ அந்த வண்டியெல்லாம் எங்க போகும்? எங்க தெருவுக்குத்தானே வரும்?

கொஞ்சம் வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானா தெரு, ராஜாபாதர் தெருப் பக்கம் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

ஆனால் எல்லாமே வராது. பிரிட்டனில் சாலி கெயர்ன்ஸ், பில் குட்வின் முதலானவர்கள் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரோட்டு இடம் குறைக்கப்பட்ட 70 இடங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டிப் பார்த்தார்கள். சுற்றுத் தெருக்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் பாதி இடங்களில் ஏறக்குறைய 11 சதவீதத்துக்கு மேல் வண்டிகள் குறைந்திருந்தன. இது மாயம் ஒன்றும் இல்லை. இரண்டு தடவை வருகிறவர் ஒரே தடவையில் வேலையை முடித்துக்கொள்கிறார். ஆறு மணிக்கு வருகிறவர் பதினொரு மணிக்கு வருகிறார். ஒருவர் பஸ்ஸில் வருகிறார், இன்னொருவர் சும்மா இந்த வழியாகக் குறுக்கே போவதை விட்டுவிடுகிறார்.

மீதி வண்டிகள் பக்கத்துத் தெருவில் ஏறாமல் இருக்க வேண்டுமானால் அங்கேயும் வேலை செய்திருக்க வேண்டும்: குறுக்குவழியாகப் புகுந்து போக முடியாதபடி திருப்பங்களை அமைப்பது, குடியிருப்பவர்களுக்குப் பார்க்கிங் அட்டை, வேகத்தடைக்குப் பதில், நடக்கிறவர்கள் ரோட்டைக் கடக்கிற இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது. கடைவீதிக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்துவிட்டுத் தெருவைச் சும்மா விட்டுவிட்டார்கள். என் வருத்தம் அதில்தான்.

மேம்பாலம் கட்டினா தீராதா?

யார் எங்கே போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. உஸ்மான் சாலையில் பலர் தி.நகரைத் தாண்டிப் போகிறவர்கள். அவர்களை மேலே ஏற்றி அந்தப் பக்கம் இறக்கிவிட்டால் கீழே இருப்பவர்களுக்கு மூச்சு வரும். தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சி.ஐ.டி. நகர் வரை 1.2 கிலோமீட்டர் பாலம் 2025-ல் திறந்தார்கள். அதற்கு அந்த நியாயம் உண்டு.

பாண்டி பஜார் கதை வேறு. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேயே இறங்க வேண்டியவர்கள். புடவை வாங்க வந்தவரைப் பாலத்தில் ஏற்றி அண்ணா சாலையில் இறக்கிவிட்டு என்ன பயன்?

பார்க்கிங் தேடிச் சும்மா சுத்துற வண்டிதான் பாதி நெரிசல்னு சொல்றீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?

பாதியா கால்வாசியா என்று நான் அளக்கவில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் மனைவி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போயிருந்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளை ஸ்விஃப்ட். பின்கண்ணாடியில் முருகன் வேல் ஸ்டிக்கர். மெதுவாக, ஓரத்தைப் பார்த்தபடி போயிற்று. சில நிமிடம் கழித்து மறுபடி வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது பின்சீட்டில் இருந்த பெண்ணும் குழந்தையும் இல்லை, இறக்கிவிட்டிருந்தார்கள். ஓட்டுகிறவர் மட்டும் இருந்தார். நாலாவது தடவையும் வந்தார். ஒரு வண்டி நாலு வண்டியின் வேலையைச் செய்தது.

இதற்கு எங்கேயும் ஒரே காரணம்தான். ஓரத்தில் நிறுத்த இடம் இலவசம், அல்லது அடிமாட்டு விலை. ஆனால் இடம் இல்லை. காசு கொடுத்து உள்ளே நிறுத்துவதைவிடப் பெட்ரோலை எரித்துச் சுற்றுவது லாபமாகத் தோன்றுகிறது. பார்க்கிங் பற்றியே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் சொன்னது: ஓரத்தில் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி விலையை வை. நிறைந்தால் ஏற்று, காலியாகக் கிடந்தால் இறக்கு. சுற்றுவது தானாக நிற்கும்.

அதான் அடுக்குமாடி பார்க்கிங் கட்டியாச்சே. ஏன் எல்லாரும் அங்க விடறதில்ல?

தணிகாசலம் சாலை முனைப் பக்கம் கட்டிய கட்டடத்தைச் சொல்கிறீர்கள். 200-க்கு மேல் கார்களும் 500-க்கு மேல் டூ வீலர்களும் நிற்கலாம். பண்டிகை நாளில் நிறைகிறது. சாதாரண நாளில் இடம் இருக்கும்போதே வெளியே ரோட்டோரத்தில் வண்டி நிற்கிறது.

காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. உள்ளே விட்டால் சீட்டு, காத்திருப்பு, அங்கிருந்து நடை. வெளியே விட்டால் கடை வாசல். பிடித்தால் அபராதம், ஆனால் தினமும் பிடிப்பதில்லை. நானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்குப் பெருமை தருவதாக இல்லை. உள்ளே விலை குறைவு, வெளியே விலை அதிகம் என்று இருந்தால்தான் கட்டடம் நிறையும். வெளியே காசு தராமல் நிறுத்த முடிகிறவரை இன்னும் இரண்டு கட்டடம் கட்டினாலும் இதே கதைதான்.

கார் நிறுத்த மணிக்கு அறுபது ரூபாயா? இது பகல் கொள்ளை இல்லையா?

பார்க்கிங் திட்டம் வந்தபோது பாண்டி பஜாரில் முதன்மை இடங்களுக்கு வைத்த விலை அது: காருக்கு 60, டூ வீலருக்கு 15. மற்ற இடங்களில் காருக்கு 20, டூ வீலருக்கு 5. இந்தக் கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், வசூலிக்கும் ஆட்களும் மாறுவார்கள். அங்கே இருக்கும் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ரசீது கேளுங்கள்.

கொள்ளையா என்றால், ஒரு கார் நிற்கச் சுமார் 130 சதுர அடி வேண்டும். ஒரு சின்னப் படுக்கையறை. தி.நகரில் அந்த அளவு அறையை மணிக்கு அறுபது ரூபாய்க்கு, கடைவீதியின் நடுவில், யார் தருவார்? பூ விற்கிற அம்மா நாலு சதுர அடியில் கூடையை வைத்தால் "ஆக்கிரமிப்பு". 130 சதுர அடியில் கார் நின்றால் அது "உரிமை". எனக்கு இது புரிந்ததே இல்லை.

நான் இங்க கடை வெச்சிருக்கேன். கார்ல வர்றவர்தான் பெரிய பர்ச்சேஸ் பண்றவர். அவரைத் தடுத்தா வியாபாரம் என்ன ஆவது, சார்?

பயம் நியாயமானது, அண்ணாச்சி. லாபம் நஷ்டம் உங்கள் தலையில்தான், பேசுகிற எங்கள் தலையில் இல்லை. கோபன்ஹேகனில் 1962-ல் ஸ்ட்ரோகெட் என்ற கடைத்தெருவில் வண்டிகளைத் தடை செய்தபோது அங்கிருந்த கடைக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். இன்று அது உலகம் முழுக்கத் தெரிந்த கடைத்தெரு.

ஆனால் டென்மார்க் வரை போவானேன்? பனகல் பார்க்கிலிருந்து எட்டி நடந்தால் ரங்கநாதன் தெரு. அங்கே கார் நுழைய முடியுமா? வாசலில் நிறுத்த முடியுமா? ஆடித் தள்ளுபடி மாதத்தில் கால் வைக்க இடம் உண்டா? தமிழ்நாட்டில் வண்டி இல்லாமல் வியாபாரம் நடக்குமா என்ற கேள்விக்கு அந்தத் தெரு பல பத்தாண்டுகளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் போல நெருக்கியடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அது வேறு ஆபத்து.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஒரு வாரம், பில் போடும்போது "எதில் வந்தீங்க?" என்று கேட்டுப் பில் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே உங்கள் கடை வாசலில் நிற்கிற வண்டிகள் யாருடையவை என்றும் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடை வாசலில் காலையிலிருந்து இரவுவரை நின்ற இரண்டு பைக்குகளும் அந்தக் கடைப் பையன்களுடையவை.

சரக்கு எப்படி இறக்கறது? குட்டியானை உள்ள வரவேண்டாமா?

வர வேண்டும். நேரம்தான் கேள்வி. சாயங்காலம் ஐந்து மணிக்கு, கூட்டம் ஏறுகிற நேரத்தில், குட்டியானை பின்பக்கக் கதவைத் திறந்து நின்றால் பின்னால் ஒரு பஸ்ஸும் இருபது ஆட்டோவும் நிற்கின்றன. கடைகள் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் திறக்கின்றன. காலை ஏழிலிருந்து பத்துவரை சரக்கு வண்டிக்கு என்று ஓர் இடம் ஒதுக்கினால் போதும். ஐரோப்பியக் கடைத்தெருக்கள் பலவற்றில் நடப்பது இதுதான்.

பெரிய கடைக்கு இது சுலபம், ஆள் இருக்கிறது. ஓர் ஆள் வைத்து நடத்துகிற சின்னக் கடைக்காரர் காலை ஏழு மணிக்கு எப்படி வருவார்? நாலைந்து கடை சேர்ந்து ஒருவரிடம் சரக்கை வாங்கி வைக்கச் சொல்லலாம், அல்லது மதியம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரலாம். சங்கத்தில் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம்.

தரைக்கடைக்காரங்களை எடுத்துட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடுமே?

எடுத்துப் பார்த்தாயிற்று. நீதிமன்ற வழக்குகள் எல்லாம் நடந்து, 2013-ல் பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகளை மாநகராட்சி கட்டிய வளாகத்துக்குள் மாற்றினார்கள். அவர்கள் எழுந்த இடத்தில் மறுநாள் நடக்கிறவர்கள் வந்தார்களா? பைக் வந்து நின்றது. நெரிசல் குறையவில்லை. உள்ளே போனவர்களில் சிலர், மாடி ஏறி வாங்க ஆள் வரவில்லை என்று புலம்பினார்கள்.

2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவையாவது கணக்கெடுப்பு, நகர விற்பனைக் குழு, அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே உறுப்பினர்கள். நடக்கிற பாதையை மறிக்காமல், குறித்த இடத்தில் அவர்கள் இருந்தால் தெருவுக்கு நல்லதுதான். ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக நடக்கிற பெண்ணுக்கு, ஹேர்கிளிப் கடையில் எரிகிற பல்பு எந்த சிசிடிவி கேமராவையும்விடத் தைரியம்.

எனக்கு எழுபத்திரண்டு வயசு, முட்டி வலி. பனகல் பார்க்ல இறங்கி நடன்னா எப்படிப்பா?

உங்களை நடக்கச் சொல்லவில்லை அம்மா. வாசலில் இறக்கிவிட்டு வண்டி போய்விடலாம். இறங்குவது அரை நிமிடம், அதனால் எந்த ரோடும் அடைபடாது. இறங்கியவர் திரும்ப வரும்வரை வண்டி அங்கேயே நிற்பதுதான் பிரச்சினை. ஆட்டோவும் கால் டாக்ஸியும் நின்று போக இடம் குறித்து வைப்பது அவசியம், மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு நிறுத்துமிடமும் அவசியம்.

நடைபாதையே ஒழுங்காக இருந்தால் பெரியவர்கள்தான் முதலில் பயனடைவார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வைத்திருக்கிற விதியின்படி நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது; கடைவீதியில் தடையில்லாமல் நடக்க 2.5 மீட்டராவது வேண்டும். சென்னையின் மற்ற பிளாட்பாரங்களை நினைத்துப் பாருங்கள், மலையேற்றம். இங்கே நடுநடுவே உட்கார இடமும் இருக்கிறது. சில பெஞ்சுகளில் பைக் ஹெல்மெட்டுகள் உட்கார்ந்திருக்கும், அதைத் தள்ளிவிட்டு உட்காருங்கள்.

தூண் நட்டு வெச்சும் பைக் பிளாட்பாரத்துல ஏறுதே?

தூண்களுக்கு நடுவே சக்கர நாற்காலி போக வேண்டும். சக்கர நாற்காலி போகிற இடைவெளியில் ஸ்கூட்டர் போகும். இடைவெளியைக் குறைத்தால் பைக்கோடு சேர்த்து நாற்காலிக்காரரையும் தடுத்ததாகிறது. ஆகவே தூணால் மட்டும் முடியாது. ஆள் வேண்டும், அபராதம் வேண்டும், தினமும் வேண்டும். திறந்த புதிதில் காவலர்களும் ஊழியர்களும் நின்றார்கள், யாரும் ஏறவில்லை. அவர்கள் குறையக் குறைய ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன. ஒரு பைக் நிற்பதைப் பார்த்தால்தான் அடுத்தவருக்குத் தைரியம் வருகிறது.

பஸ்ல வாங்கன்றீங்க. நாலு கட்டைப்பையைத் தூக்கிட்டு எப்படி ஏறது?

நாலு கட்டைப்பையோடு வருகிற நாளில் ஆட்டோவில் போங்கள், தப்பே இல்லை. ஒரு ஃபால்ஸும் பிளவுஸ் பிட்டும் வாங்க வருகிற நாள்தான் அதிகம். அந்த நாளுக்குக் காரை எடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பயணம் இலவசம். ரயிலில் வந்தால் மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம்வரை ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்துவிட்டார்கள். 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமல் வரலாம். பாண்டி பஜாருக்கு அங்கிருந்து இன்னும் நடக்க வேண்டும், அந்த நடையில் நிழல் போதாது. குறை குறைதான்.

மெட்ரோ வந்துட்டா எல்லாம் சரியாயிடும்ல?

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிற தடத்தில் பனகல் பூங்காவில் சுரங்க நிலையம் வருகிறது. ரயிலை விட்டு மேலே ஏறினால் கடைவீதி. நிச்சயம் பெரிய மாற்றம்.

ஆனால் மெட்ரோ ஆட்களைக் கொண்டுவரும், கார்களைத் தானாக வெளியேற்றாது. சிலர் மெட்ரோவுக்கு மாறினால் ரோட்டில் கொஞ்சம் இடம் காலியாகும். "அட, இப்போ கூட்டம் இல்லையே" என்று இதுவரை பயந்து வராதவர் காரை எடுத்துக்கொண்டு வருவார். காலியான இடத்தை அப்படியே விட்டால் அது நிறையும். மெட்ரோ திறக்கும் அன்றே ஓரத்துப் பார்க்கிங்கையும் குறைத்தால்தான் பலன் நிற்கும்.

ஒன்வே ஆக்கிட்டா?

முனையில் திருப்பம் குறையும், சிக்னல் சுலபமாகும். ஆனால் ஒருவழி ரோட்டில் வேகம் கூடும், சுற்றிப் போகிற தூரம் கூடும், அந்தச் சுற்று நம் தெரு வழியாகத்தான் இருக்கும். பஸ் நிறுத்தமும் ஒரு திசையில் மட்டும் இருந்தால் பெரியவர்கள் இன்னொரு ரோட்டுக்கு நடக்க வேண்டும். சில நாளுக்கு, சில மணி நேரத்துக்குச் சரி. நிரந்தரமாக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

தீபாவளிக்கு மட்டும் வண்டியை நிறுத்தினா போதாதா? அதுக்கு சட்டத்துல இடம் இருக்கா?

இடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு சாலையில் வண்டிகளைத் தடை செய்ய அதிகாரம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழில் வெளியிட வேண்டிய அவசியம்கூட இல்லை, உள்ளூரில் அறிவித்தால் போதும். நிறுத்துமிடங்களைக் குறிக்க 117-வது பிரிவு, இடைஞ்சலாக நிறுத்திய வண்டிக்கு 122, இழுத்துப் போக 127.

போதுமா என்றால், தீபாவளி நல்ல ஒத்திகை. அந்தச் சில நாட்கள் வண்டி இல்லாமல் கடைவீதி நடக்கிறது, வியாபாரமும் நடக்கிறது. அதே ஏற்பாட்டை முகூர்த்த மாதங்களின் சனி, ஞாயிறு மாலைகளுக்கு நீட்டிப் பார்க்கலாம். சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது தயக்கம்தான்.

ஆம்புலன்ஸ் வந்தா?

ஆம்புலன்ஸை நிறுத்துவது குறுகிய ரோடு இல்லை, அடைத்து நிற்கிற வண்டி. வண்டி இல்லாத தெருவில் தரைக்குள் இறக்கிவிடக்கூடிய தூணும் திறக்கக்கூடிய தடுப்பும் வைப்பார்கள். தீயணைப்பு வண்டி திரும்புகிற அகலத்தை முதலிலேயே வரைபடத்தில் விட வேண்டும்.

2021 மழையில தண்ணி நின்னதுக்கும் இதுதானே காரணம்?

அந்த நவம்பரில் தி.நகர் மிதந்தது, எங்கள் வீட்டுப் படிவரை வந்தது. ஸ்மார்ட் சிட்டி வேலைகளைப் பற்றிப் பெரிய புகார் எழுந்து அரசு விசாரணையும் வைத்தது. அப்போது அதிகம் பேசப்பட்டது மாம்பலம் கால்வாய். வடிகால் தனிப் பெரிய கதை. நடைபாதை அகலத்தோடு அதைப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

யார்கிட்ட போய்ச் சொல்றது? மாநகராட்சி போலீஸைக் கை காட்டுது, போலீஸ் மாநகராட்சியைக் கை காட்டுது.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை, அதுதான் சிக்கல். நடைபாதை, பார்க்கிங் கட்டணம், வியாபாரிகள் எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பு. வண்டியை இழுப்பது, அபராதம், ஒன்வே எல்லாம் போலீஸின் பொறுப்பு. பஸ் என்றால் மாநகரப் போக்குவரத்துக் கழகம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கத்தான் கும்டா என்ற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். அதற்கான சட்டம் 2010-லேயே வந்துவிட்டது, உயிர் வர வருடங்கள் ஆயின.

நடைபாதை உடைந்தால் மாநகராட்சியின் 1913-க்குக் கூப்பிடுங்கள், புகார் எண்ணை வாங்கி வையுங்கள். கூட்டத்துக்குப் போனால் ஒரு விஷயத்தை நினைவுபடுத்துங்கள்: 2014-ல் சென்னை மாநகராட்சி தானே ஏற்றுக்கொண்ட கொள்கைப்படி, போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும். "எங்கள் வார்டில் எவ்வளவு போனது?" என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவு பேசறீங்களே, உங்ககிட்ட கார் இல்லையா?

இருக்கிறது. பழைய வேகன் ஆர். எங்கள் அபார்ட்மெண்டில் எட்டு வீடு, ஐந்து கார் நிறுத்த இடம். குலுக்கலில் எனக்கு விழவில்லை. ஆகவே தெருவில், வேப்பமரத்தடியில் நிற்கிறது. மாதத்துக்கு நாலைந்து தடவை எடுப்பேன், மற்ற நாளெல்லாம் அதே இடம். மேலே சொன்ன அதே 130 சதுர அடி, இருபத்துநாலு மணி நேரமும், ஒரு பைசா தராமல்.

குடியிருப்பவர்களுக்குக் கட்டணப் பார்க்கிங் அட்டை வேண்டும் என்று சங்கத்தில் நான்தான் தீர்மானம் கொண்டுவந்தேன். அது தோற்றது. எதிர்த்துக் கை தூக்கியவர்களில் என் வீட்டுக்காரியும் ஒருத்தி.